ஏழு மாதம் தொங்கிய வாழ்த்து

மாரண்டஹள்ளி பேருந்து நிலையத்துக்கு எதிரில், உரக்கடை மாடியில், என் முகம் ஏழு மாதம் தொங்கியது. என்னைக் கேட்காமல் யாரும் தொங்கவிடவில்லை. பேனரின் வாசகத்தை எழுதியவன் நான். பிழை திருத்தியவன் நான். கட்டும்போது ரோட்டில் நின்றுகொண்டு "இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்று கைகாட்டியவனும் நானேதான். அதற்குக் கொடுத்த புகைப்படம் என் கல்யாணத்தின்போது எடுத்தது. அதில் எனக்குத் தலை நிறைய முடி இருக்கிறது, முகத்தில் எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கையும் இருக்கிறது. இரண்டும் என்ன ஆயின என்று ஊர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வசதியாக, வாரம் ஒருமுறை தங்கை வீட்டுக்கு வரும்போது அதற்கு நேர் கீழேதான் நான் பஸ்ஸைவிட்டு இறங்குவேன்.

பேனரின் நடுவில் பெரிதாக இருந்தது என் தங்கை மகள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடத்தில் அவளுக்குப் படிக்கும்போதே வேலை கிடைத்துவிட்டது என்ற நல்ல செய்திக்கான வாழ்த்து அது. "பெங்களூரு மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியேற்கும் எங்கள் குலக்கொடியே, கணினி உலகை ஆள வருக" என்று எழுதியிருந்தேன். "ஆள வருக" என்று எழுதியபோது உள்ளுக்குள் லேசாக ஒரு கூச்சம் வந்தது. அதைக் கவித்துவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் தருமபுரியில் ஒரு கிளை நூலகத்தில் நூலகர். புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். அதனால் அந்தப் புத்தகங்களில் இருப்பதெல்லாம் என் மண்டையிலும் இருக்கும் என்று சொந்தக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. மருந்துக்கடையில் கல்லாவில் இருப்பவரிடம் போய் ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்பது போல, பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நானும் தாடையைத் தடவிக்கொண்டு, ஆழமாக யோசித்து, எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்வேன்: கம்ப்யூட்டர் சயின்ஸ். என்னுடைய கணினி அறிவையும் இந்த இடத்தில் சொல்லிவிடுவதுதான் நியாயம். நூலகத்துக் கம்ப்யூட்டர் நின்றுபோனால் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்து, இருபது வரை எண்ணி, மறுபடி போடுவேன். அப்படியும் வராவிட்டால் பேரேட்டை எடுத்துக்கொள்வேன்.

தங்கை மகளுக்கும் அப்படித்தான் சொன்னேன். நான்கு வருடங்களுக்கு முன் கலந்தாய்வு நேரத்தில், அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினேன். மெக்கானிக்கல் படித்தவன் கையில் கிரீஸ், சிவில் படித்தவன் தலையில் வெயில், கம்ப்யூட்டர் படித்தவனுக்கு மட்டும்தான் ஏசி என்று விளக்கினேன். அவள் போனைப் பார்த்தபடியே நடுநடுவே தலையாட்டினாள். இந்தக் காலத்துப் பெண்ணாக இருந்தும் பெரியவர்கள் பேச்சை எவ்வளவு கவனமாகக் கேட்கிறாள் என்று வரும்வழியில் என் மனைவியிடம் சொன்னேன். என் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

தங்கை மகள் சேர்ந்தது ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே கல்லூரிதான், பெயர்ப்பலகைதான் வேறு வேறு. மேடு பள்ளம் பார்க்காமல் எல்லாக் கிராமத்துக்கும் அதன் மஞ்சள் பஸ் போகும். ஆசிரியர்கள் ஏற மட்டும் அந்த பஸ்ஸில் இடமில்லை போலிருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக மாறிக்கொண்டே இருந்தார்கள். நான்காம் வருடம் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒரே நாளில் ஒரு வகுப்பையே தேர்ந்தெடுத்துக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அத்தனை பேரை ஒரே நாளில் எடுக்கிறவனுக்கு ஆள் வேண்டுமா, போட்டோ வேண்டுமா என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தப் போட்டோவில் எங்கள் குடும்பத்து முகம் ஒன்று இருந்தது.

கடிதத்தை வாட்சப்பில் எனக்கு அனுப்பினார்கள், ஆங்கிலத்துக்குக் குடும்பத்தில் கடைசித் தீர்ப்பு என்னுடையது என்பதால். இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்கப் பாராட்டு. இரண்டாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு பத்தி: சேரும் தேதி நிறுவனத்தின் தேவையைப் பொறுத்துப் பின்னர் தெரிவிக்கப்படும், இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் உரிமையாகக் கேட்க முடியாது. தங்கை போனில் கேட்டாள்.

"கடைசியில என்னமோ பொடிசா போட்டிருக்குதே, அது என்னாண்ணா?"

"அதெல்லாம் சம்பிரதாயம்மா. கல்யாணப் பத்திரிகையில சுற்றமும் நட்பும் சூழன்னு போடறமில்ல, அந்த மாதிரி."

முப்பது வருடமாகப் புத்தகத்தோடு புழங்குகிறவன், பொடி எழுத்தில் இருந்ததுதான் கடிதம், பெரிய எழுத்தில் இருந்தது கடிதத்துக்குப் போட்ட உறை என்று புரிந்துகொள்ளாமல் சொன்ன பதில் இது.

எங்கள் பக்கத்தில் எதற்கும் பேனர் உண்டு. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று மனிதன் பிறந்ததிலிருந்து போய்ச் சேரும்வரை வினைல் ஷீட்டில் பதிவு செய்துவிடுவோம். இந்தப் பேனர்களுக்கு யாரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்றும் உண்டு. கட்டியவர்கள் இறக்கக் கூடாது. அடுத்த விசேஷத்துக்கு அடுத்த பேனர் அதன்மேல் ஏறும். அதுவரை அது அங்கேயே தொங்கும். கட்டியவர்களே இறக்கினால் விசேஷம் நின்றுபோயிற்று என்று அர்த்தம். கல்யாணத் தேதிக்கு முன் பேனரை அவிழ்த்த வீட்டில் என்ன நடந்தது என்று ஊருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பேனர் அடிக்கப் போனேன். கடைக்காரருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். வாசகத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "ஜாயினிங் தேதி வந்துருச்சுங்களா சார்?" என்று கேட்டார். வரவில்லை, வரும் என்றேன். "வந்தப்பறம் அடிச்சிக்கலாமே சார், மிஷின் எங்கயும் ஓடிராது" என்றார். தொழிலையே வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரை அன்றுதான் பார்த்தேன். அவருக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பட்டம் மாட்டியிருந்தது. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். ஓகோ, வயிற்றெரிச்சல் என்று முடிவுகட்டினேன். "நல்ல காரியத்துல வாய வெக்காதீங்க தம்பி" என்றேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். எழுத்துருவை மட்டும் காட்டி, எது வேண்டும் என்று விரலால் கேட்டார்.

பேனரின் அடியில் வாழ்த்துவோர் வரிசையில் யார் யார் முகத்தைப் போடுவது என்பதில் இரண்டு நாள் சண்டை நடந்தது. தங்கை வீட்டுக்காரர் பக்கம் எட்டுப் பேர் என்றால் எங்கள் பக்கமும் எட்டுப் பேர் வேண்டும். அவருடைய பெரியப்பா மகன் படம் என் படத்தைவிட அரை அங்குலம் பெரிதாக வந்துவிட்டது என்பதை நான்தான் அளந்து கண்டுபிடித்தேன். அந்தப் பெண் ஒருத்தி நான்கு வருடம் படித்துத்தான் அந்தப் பேனருக்கு வந்தாள். நாங்கள் பதினாறு பேர் எந்தப் பரீட்சையும் எழுதாமல் உள்ளே நுழைந்தோம்.

உரக்கடைக்காரர் தங்கை வீட்டுக்காரருக்கு நண்பர். அவர் மாடிக் கைப்பிடிக் கம்பியில் வேறு யாருக்கும் பேனர் கட்ட இடம் கொடுப்பதில்லை. அந்தச் சலுகைதான் எங்களுக்கு வினையாக வந்து முடிந்தது. கீழே எத்தனையோ விசேஷங்கள் வந்தன, போயின. எங்கள் பேனர்மேல் ஏற ஒரு பேனர் வரவில்லை.

ஆனியில் கட்டினோம். ஆடியில், சேரும் தேதி விரைவில் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆவணியில் ஆன்லைனில் பயிற்சி என்றார்கள், செய்தாள். புரட்டாசியில் அந்தப் பயிற்சிக்கு ஒரு பரீட்சை என்றார்கள்; எழுதினாள். ஐப்பசியில் "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று வந்தது. பொறுமைக்கு நன்றி என்று ஒருவன் எழுதினால், இன்னும் கொஞ்சம் கைவசம் வைத்திருங்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அதுவும் வரவில்லை. கல்லூரிக்குப் போன் போட்டால், "நாங்க வாங்கிக் குடுத்துட்டோம், ஜாயின் பண்றது உங்க பொறுப்பு" என்றார்கள். அவர்கள் வாசலில் புது பேனர் ஏறியிருந்தது. அதில் இவள் முகமும், இவளோடு கடிதம் வாங்கி இவளைப் போலவே வீட்டில் உட்கார்ந்திருந்த இன்னும் பல முகங்களும் இருந்தன. அடுத்த வருடத்துப் பிள்ளைகளைச் சேர்க்க அவர்களுக்கு அந்த முகங்கள் போதும்.

இதற்குள் ஊர் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டது. பேனர் இல்லாத வீட்டுப் பெண் என்றால் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள் என்று விட்டுவிடுவார்கள். பேனர் கட்டிய வீட்டுப் பெண்ணை விடுவார்களா? பஸ்ஸுக்கு நின்றால், "இன்னும் பெங்களூருக்குப் போவலியா பாப்பா?" என்பார்கள். பேருந்து நிலையத்து டீக்கடைக்காரர், ஏஐ என்று ஒன்று வந்துவிட்டதாகவும் இனிமேல் கம்ப்யூட்டரே கம்ப்யூட்டருக்கு வேலை கொடுத்துக்கொள்ளும் என்றும் எனக்கே பாடம் நடத்தினார். அவர் போனில் வால்யூமைக் குறைக்கத் தெரியாதவர். டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மேலே, வெயிலில் சிவப்பெல்லாம் வெளுத்துப்போய் குலக்கொடியின் முகம் நீலம் பாரித்திருந்தது. என் முடி மட்டும் கன்னங்கரேலென்று நின்றது.

தருமபுரியில் ட்ரெயினிங் போகிறாள் என்று தங்கை ஊருக்கு ஒரு கதை கட்டினாள். ஒரு கதையைக் கட்டிவிட்டால் அதற்குத் தினமும் பஸ் ஏற வேண்டும். காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, அவள் வந்து சேர்ந்த இடம் என் நூலகம்.

என் நூலகத்தின் வாசகசாலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அங்கே ஓய்வு பெற்றவர்கள் செய்தித்தாள் படிப்பார்கள், தூங்குவார்கள். இப்போது அவர்களுக்கு நாற்காலி கிடைப்பதில்லை. காலை கதவைத் திறக்கும்போதே வாசலில் பிள்ளைகள் நிற்கிறார்கள். பாதிக்கு மேல் பொறியியல், அதில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ். எல்லோர் கையிலும் குரூப் ஃபோர் தேர்வுக்கான தடித்த வழிகாட்டி. நான்கு வருடம் கணினி மொழிகளைப் படித்துவிட்டு இப்போது இலக்கணக் குறிப்பு மனப்பாடம் செய்கிறார்கள். மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலிக்காகக் கைகலப்பே நடந்திருக்கிறது. இடையிடையே ஒருவன் காணாமல் போவான். விசாரித்தால் கடன் வசூல் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்பார்கள். ஒருவன் தொப்பூரில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பில் போடுகிறான். கம்ப்யூட்டரில்தான் போடுகிறான், நான் சொன்னது முழுக்கப் பொய்யாகிவிடவில்லை. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் என்னை முறைப்பதாக எனக்குத் தோன்றும். எனக்குத் தோன்றுவது எல்லாம் பிரமை இல்லை. அதில் நான்கு பேருக்கு நான் ஆலோசனை சொல்லியிருந்தேன்.

ஐந்தாவதாக இவள் வந்து சேர்ந்தாள். எனக்கு முதுகைக் காட்டி உட்காருகிற மாதிரி நாற்காலி பிடித்தாள். இரண்டு மாதத்தில் எங்களுக்குள் நடந்த மொத்த உரையாடல், கழிப்பறைச் சாவி கேட்பதும் திருப்பிக் கொடுப்பதும்தான். "மாமா, சாவி." அவ்வளவுதான். "மாமா"வை நாளாக நாளாகச் சுருக்கிக்கொண்டே வந்தாள். அந்த முதுகை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு, ஒரு வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று நான் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் குமைந்தேன். மனிதனுக்கு அதற்கும் தெம்பு வேண்டுமல்லவா.

தை பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவளாகவே என் மேசைக்கு வந்தாள். சாவியை எடுத்து நீட்டினேன். அதை வாங்காமல் போனை என் முன்னால் வைத்தாள். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலை. அங்கே வருகிற சரக்கு, போகிற சரக்கையெல்லாம் கணக்கு வைக்கிற கம்ப்யூட்டரில் வேலை. வாசகசாலையில் பக்கத்து நாற்காலிப் பெண் ஒருத்தி தகவல் சொல்லி, இவளாகவே போய் நேர்முகத்துக்கு உட்கார்ந்து வாங்கியிருக்கிறாள். இந்தத் தடவை கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை முதலில் படித்தேன். சேரும் தேதி இருந்தது. திங்கட்கிழமை. வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்றும் ஒரு வரி இருந்தது.

"நல்லதுதானே கண்ணு," என்றேன்.

"அப்பா வேணாங்கறாரு. பேனர்ல பெங்களூருன்னு போட்டுட்டு ஓசூருக்குப் போனா அவருக்கு அசிங்கமாம். நீங்க வந்து சொல்லுங்க."

"நான் சொன்னா கேப்பாரா?"

"கேக்க மாட்டாரு. ஆனா பேனர் உங்களுது."

சனிக்கிழமை போனேன். தங்கை வீட்டுக்காரர் தக்காளி மண்டியில் இருந்தார். அவர் தோட்டத்துப் பெட்டிகள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன, வேன் பின்பக்கத்தைத் திறந்துகொண்டு நின்றது. அவள் எனக்கு முன்பே வந்து பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மண்டியிலிருந்து பார்த்தால் உரக்கடை மாடி நேராகத் தெரியும். பதினாறு பேரும் எங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவர் கையிலிருந்த தக்காளியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"ஓசூருக்கு அனுப்பறதுல எனக்கு ஒண்ணும் இல்லைங்க மச்சான். ஆனா அங்க என்னா எழுதியிருக்குது? பெங்களூருன்னுதான எழுதியிருக்குது?"

"ஆமாங்க மாப்ள."

"நீங்கதான எழுதுனீங்க?"

"நான்தான்."

"அப்ப பெங்களூருக்கு அனுப்புங்க. நான் குறுக்க நிக்கல."

பெங்களூரு பஸ்ஸும் ஓசூர் வழியாகத்தான் போகிறது என்று ஒரு சமாதானம் சொன்னேன். "நடுவழியில எறங்கிட்டான்னு ஊருக்குச் சொல்லட்டுங்களா?" என்றார். பேனரை இறக்கிவிடலாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. இறக்கினால் வேலை போய்விட்டது என்று ஆகிவிடும், மண்டியில் தலைகாட்ட முடியாது, ஏழு மாதமாக ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியாக, என்னைப் பார்க்காமல் தக்காளியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "படிச்ச மனுசன்னு உங்ககிட்ட குடுத்தது எங்க தப்புங்க."

அது என் மேல் விழவேண்டிய அடி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் பஸ்ஸில் வரும்போதே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். இறக்கத்தானே கூடாது? அதன்மேல் இன்னொன்றைக் கட்டலாமே. "ஓசூர் தொழில் நகரை ஒளிபெறச் செய்யும் எங்கள் குலக்கொடியே" என்று வாசகம்கூடத் தயாராக இருந்தது. சொன்னேன். இந்த இடத்தில் என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றியும் ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். அவர் தக்காளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "படம் யாரு யாருது போடுவீங்க?" என்றார்.

பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"இன்னொரு தடவ எம்மூஞ்சிய அங்க கட்டுனீங்கன்னா நான் ஓசூருக்கும் போவல, எங்கயும் போவல. இங்கயே உக்காந்து தக்காளி பொறுக்கறேன். அதுக்கும் ஒரு பேனர் வெச்சிக்குங்க."

பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவரிடம் கத்தியைக் கேட்டு வாங்கினாள். ரோட்டைத் தாண்டினாள். உரக்கடைப் படிக்கட்டில் ஏறுவது தெரிந்தது. நாங்கள் இருவரும் மண்டி வாசலில் நின்று பார்த்தோம். தடுக்கப்போவது போல அவர் ஒரு அடி எடுத்து வைத்தார், அப்புறம் வைக்கவில்லை. நான் அதுகூட எடுத்து வைக்கவில்லை.

நைலான் கயிற்றை அறுப்பது லேசில்லை. நான்தான் இறுக்கிக் கட்டச் சொல்லியிருந்தேன். இடப்பக்கம் முதலில் விட்டது. பேனர் சரிந்து, எங்கள் பக்கத்து எட்டுப் பேரும் தலைகீழாகத் தொங்கினோம். பிறகு வலப்பக்கமும் விட, மொத்தமாகக் கீழே நின்ற இரண்டு பைக்குகளின்மேல் வந்து விழுந்தது. பேருந்து நிலையமே திரும்பிப் பார்த்தது. ஏழு மாதமாக நாங்கள் பயந்துகொண்டிருந்த நேரம் வந்தேவிட்டது. எனக்கு ஏஐ பாடம் நடத்திய அதே டீக்கடைக்காரர், அவள் படியிறங்கி வந்ததும் கேட்டார்.

"என்னா பாப்பா, வேல போச்சா?"

"போவலீங்க. அது வரவே இல்ல. ஓசூர்ல வேற வேலைக்குப் போறேன்."

"ஓசூரா? எந்தப் பக்கம்? எங்க அக்கா மவ அங்கதான் லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்குது, வேணும்னா கேளு," என்று சொல்லிவிட்டு அவர் பாலைக் கிளறப் போய்விட்டார். பைக்குக்காரர் ஒருவர் பேனரை விலக்கி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு பஸ் வந்தது, ஏறுகிறவர்கள் ஏறினார்கள். அவ்வளவுதான் ஊர். நாங்கள் ஏழு மாதம் அதை எவ்வளவு பெரிதாகக் கட்டிவைத்திருந்தோம் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தப் பேனரைவிடவும் பெரிதாக.

தங்கை வீட்டுக்காரர் ரோட்டைத் தாண்டிப் போனார். குனிந்து பேனரின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "நல்ல கனம்," என்றார். அவரும் அவளும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மடித்து எடுத்துவந்து, வேனில் ஏற்றிய பெட்டிகளின்மேல் விரித்துக் கட்டினார்கள். முடிச்சுப் போட்டுக்கொண்டே, முதுகைத் திருப்பாமல் கேட்டார்.

"திங்கக்கெழம எத்தன மணிக்குப் பஸ்ஸு?"

அன்று சாயங்காலம் வேன் கோயம்பேட்டுக்குக் கிளம்பியது. அச்சடித்த பக்கம் மேலே பார்க்க விரித்திருந்தார்கள். கல்யாண மாப்பிள்ளைக் கோலத்தில் நான் தக்காளிமேல் மல்லாந்து படுத்துக்கொண்டு சென்னை போனேன். அதற்கப்புறமும் பலமுறை போய்வந்ததாகக் கேள்வி.

திங்கட்கிழமை காலை அவரால் மண்டியை விட முடியவில்லை. ஓசூர்வரை கூடப் போய்விட்டு வருவது என் பொறுப்பாயிற்று. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு நான். ராயக்கோட்டை தாண்டியது. இத்தனை மாதமாக நெஞ்சில் வைத்திருந்ததை இன்று இறக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். அன்றைக்கு உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் அவ்வளவு தூரம் சொல்லாமல் இருந்திருந்தால் நீ வேறு எதையாவது எடுத்துப் படித்திருப்பாய், என் வாயால்தான் இத்தனையும் வந்தது, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். சொல்லும்போது குரல் நிஜமாகவே தழுதழுத்தது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் காதிலிருந்து ஒரு பக்கத்து இயர்போனை எடுத்தாள்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொன்னதுக்கா மாமா? நீங்க வூட்டுக்கு வரதுக்கு முன்னாடியே நான் கவுன்சிலிங்குக்கு சாய்ஸெல்லாம் லாக் பண்ணிட்டேன். நம்மூருக்குக் காலேஜ் பஸ் வருதேன்னு போட்டேன். நீங்க பேசறப்ப நான் போன்ல படம் பாத்துட்டு இருந்தேன். நீங்க என்னா சொன்னீங்கன்னே எனக்குத் தெரியாது."